நாலாவது கை

தூத்துக்குடியில் கேம் சிடிகள் கனத்துப்போன அன்று யாரும் வாயைப் பிளக்கவில்லை. உப்பளத்துக் காற்றில் அந்த ஊரில் எல்லாமே கொஞ்சம் கனக்கத்தான் செய்யும், காயப்போட்ட துணி கனக்கும், எண்ணெய் வைத்த தலை கனக்கும், நமுத்துப்போன தீப்பெட்டி கனக்கும், அந்த வரிசையில் இதுவும் ஒன்று என்று ஆளாளுக்கு ஒருமுறை குனிந்து தூக்கிப் பார்த்து, முடியாமல் இடுப்பைப் பிடித்துக்கொண்டு நிமிர்ந்து, காற்று மாறினால் சரியாகிவிடும் என்று சொல்லிவிட்டு அவரவர் வேலையைப் பார்க்கப் போனார்கள்.

ஜெசிந்தாவும் முதலில் அப்படித்தான் நினைத்தாள். தெருமுனையில் இறால் கம்பெனி வேன் ஹாரன் அடித்துக்கொண்டிருந்தது. தினமும் கிளம்புவதற்கு முன்னால் கணவன் இன்னாசிக்குக் கேமைப் போட்டுக் கொடுத்து, ஜாய்ஸ்டிக்கை மடியில் வைத்து, பக்கத்தில் தண்ணீர்ச் செம்பையும் வைத்துவிட்டுப் போவது அவள் வழக்கம், அன்றைக்கும் அப்படிப் பொத்தானை அமுக்கியபோது கேம் பெட்டி ஒருதரம் முனகியது, சுற்றவில்லை, அதை நகர்த்திப் பார்க்கலாம் என்று கை வைப்பதற்குள் பெட்டியைத் தாங்கியிருந்த பிளாஸ்டிக் ஸ்டூல் நாலு காலையும் விரித்துப் படுத்துவிட்டது. பெட்டி தரையில் உட்கார்ந்த சத்தம் ஆட்டுரலைப் போட்ட சத்தம். சிமெண்டு கீறல் விட்டது. இன்னாசி அவளைப் பார்த்தார், அவள் பெட்டியைப் பார்த்தாள், வேன் இன்னொரு தடவை ஹாரன் அடித்தது.

"சாயங்காலம் வந்து பாக்கேன், என்ன?" என்று சொல்லிவிட்டு ஓடினாள்.

இன்னாசி கடலில் சங்கு குளித்தவர். ஒருமுறை, இறங்கக்கூடாத ஆழத்துக்கு இறங்கி, ஏறக்கூடாத வேகத்தில் ஏறியதில், இடுப்புக்குக் கீழே உணர்வு போய்விட்டது, போனது போனதுதான். கால் போனதைக்கூட ஜெசிந்தா ஒருவிதமாகத் தாங்கிக்கொண்டாள், ஆனால் காலோடு சேர்ந்து அவர் பேச்சும் போய்விட்டதைத்தான் அவளால் தாங்க முடியவில்லை. வாய் நன்றாகத்தான் இருந்தது. அதற்குள்ளிருந்து வெளியே வர ஒன்றுமில்லாமல் போய்விட்டது. சாப்பிடுகிறீர்களா என்றால் தலையாட்டுவார், வலிக்கிறதா என்றால் தலையாட்டுவார், இரண்டு தலையாட்டலும் ஒன்றாகவே இருக்கும், சுவரோடு குடித்தனம் நடத்துகிற மாதிரி அவள் பல காலம் நடத்தினாள்.

அப்படி இருக்கும்போதுதான் ஒருநாள் பஜாரில் சதக் பாய் கடையைத் தாண்டும்போது உள்ளே ஒரு டிவி முழுக்கக் கடல் தெரிந்தது. மேலிருந்து பார்க்கிற கடல் இல்லை, அடியிலிருந்து பார்க்கிற கடல். தலைக்கு மேலே வெளிச்சம் நெளிந்தது, பாசி அசைந்தது, ஒரு ஆள் காலை உதைத்து உதைத்துக் கீழே போய்க்கொண்டிருந்தான். சதக் பாய் பழைய கேம் பெட்டியும் பழைய சிடியும் வாங்கி விற்கிறவர். வாங்க வந்த யாருக்கோ அவர் அதைப் போட்டுக் காட்டிக்கொண்டிருக்க, ஜெசிந்தா கையில் மீன்பையோடு நடுக்கடையில் போய் நின்று, "பாய், இது எந்தக் கடலு?" என்று கேட்டாள். பாய் சிரிக்கவில்லை. அவருக்கு இன்னாசியைத் தெரியும். பெட்டியையும் சிடியையும் தவணையில் கொடுத்தார், ஆட்டோவில் அவரே கொண்டுவந்து மாட்டியும் கொடுத்தார்.

முதல் நாள் இன்னாசி ஜாய்ஸ்டிக்கைத் தொடவே இல்லை. மறுநாள் தொட்டார். அதற்கடுத்த நாள் அடுப்படியில் இருந்த ஜெசிந்தாவுக்கு, "இந்த மீனு இந்த ஆழத்துல நிக்காது, கூமுட்டப் பயலுவ" என்று ஒரு குரல் கேட்டது, யார் வந்திருக்கிறார்கள் என்று எட்டிப் பார்த்தால் யாரும் வரவில்லை, அவர்தான். அடுப்பை அணைத்துவிட்டு அங்கேயே உட்கார்ந்து அழுதாள்.

அன்றிலிருந்து அவர் அந்தக் கடலில் வேலைக்குப் போகிற மாதிரிதான் போனார். பாறைகளுக்கெல்லாம் பெயர் வைத்தார், பெரிய பார், கோணப் பார், ஜெசிந்தா பார். கீழே இறங்கும்போது தன் மூச்சையும் அடக்கிக்கொண்டு இறங்குவார், மேலே வந்த பிறகுதான் விடுவார். "மூச்சு விட்டுக்கிட்டே ஆடுங்களேன், கேம்லதான் மீட்டர் இருக்கே" என்று இவள் சொன்னால், "அவன் மூச்சு அவனுக்கு, எம் மூச்சு எனக்கு. அடியில போயி வாயத் தொறந்தா என்ன ஆவும்னு ஒனக்குத் தெரியுமா?" என்பார். சாயங்காலம் அவள் வந்ததும் அன்றைக்கு எங்கே இறங்கினார், என்ன பார்த்தார், எந்தத் திருக்கை வழிமறித்தது என்று அவ்வளவும் சொல்லுவார், இறால் உரித்து உரித்து விரல் வெளுத்துப்போய் வருகிறவள் அந்த விரலைச் சுடுதண்ணீரில் வைத்துக்கொண்டு கேட்டுக்கொண்டிருப்பாள். அந்தப் பேச்சுதான் அவளுக்கு வேண்டும். அதற்கு மேல் அவள் யாரிடமும் ஒன்றும் கேட்கவில்லை.

காற்று மாறியது, கனம் மாறவில்லை. அப்புறம்தான் ஊருக்கு விஷயம் புரிந்தது. கேம் கம்பெனிக்காரர்கள், ஊரில் ஒருவரும் போயிராத ஏதோ ஒரு தேசத்தில் உட்கார்ந்துகொண்டு, ஒருதரம் விற்றதை இன்னொருதரம் விற்கக்கூடாது என்று முடிவு செய்திருந்தார்கள். சிடிகள் கனப்பதற்கு முதல்நாள் எல்லார் வீட்டு டிவியிலும், நெட் இருந்த வீட்டிலும் இல்லாத வீட்டிலும், சுத்தமான தமிழில் ஒரு வாசகம் வந்திருந்தது: இந்த விளையாட்டு, முதன்முதலில் காசு கொடுத்து வாங்கிய கைக்கே உரியது, வேறு கையில் இது ஆடாது. கீழே சம்மதம் என்று ஒரு பொத்தான் இருந்தது. ஊரே அமுக்கியது. படித்துப் பார்த்து அமுக்கியவர் யாருமில்லை, படித்திருந்தாலும் பிரயோசனமில்லை, சம்மதமில்லை என்பதற்கு அங்கே பொத்தானே கிடையாது. கம்பெனி ஒரு பேச்சுக்குத்தான் கை என்று எழுதியிருக்கும், சிடிகள் அதை அப்படியே எடுத்துக்கொண்டன.

டீக்கடையில் இதைப் பற்றிப் பேச்சு நடந்தது. "காசு குடுத்தது நானு, சொந்தம் வேற ஒருத்தனுக்கா? நான் ஒரு பழைய சைக்கிள வாங்குனா, அந்த சைக்கிள் கம்பெனிக்காரன் வந்து பெடலப் புடிச்சுக்கிடுவானாவே?" என்று ஒருவர் சத்தம் போட்டார். எல்லாரும் சிரித்தார்கள், சிரித்து முடித்ததும் எல்லாரும் ஒருதரம் வெளியே நிறுத்தியிருந்த தங்கள் சைக்கிளைத் திரும்பிப் பார்த்துக்கொண்டார்கள்.

துறைமுகத்து லோடுமேன்கள் கடப்பாரையும் வடமுமாக வந்தார்கள். கப்பல் கப்பலாக இறக்கியவர்கள், அப்பளத்தை விட மெல்லிசான ஒரு தகட்டிடம் தோற்றுப்போனதில் மனது விட்டுப்போய், சங்கத்தைக் கூட்டி, இது சுமை என்கிற கணக்கில் வராது என்று தீர்மானம் போட்டுவிட்டு, அதற்குப் பிறகு அந்தத் தெருக்கள் வழியாக வருவதையே நிறுத்திக்கொண்டார்கள். பங்குச் சாமியார் வீடு வீடாகத் தீர்த்தம் தெளித்தார், சிடிகள் நனைந்தன. மாடி வீட்டுக்காரர்கள் வாடகைக்கு வருகிறவர்களிடம் முதல் கேள்வியாக, பழைய சிடி வைத்திருக்கிறீர்களா என்று கேட்க ஆரம்பித்தார்கள். கல்யாணத்துக்கு எடுத்த பட்டுப்புடவையின் முந்தானைமேல் தம்பிக்காரன் ஒரு சிடியை வைத்திருக்க, அந்தச் சிடியை முதலில் வாங்கியவர் மஸ்கட்டில் இருக்க, பொண்ணு வீட்டாரும் மாப்பிள்ளை வீட்டாரும் கூடிப் பேசி அவருக்கு லீவு கிடைக்கிற தேதியில் முகூர்த்தத்தை வைத்தார்கள்.

வாங்கிய கை வந்து தொட்டால் கனம் போய்விடுகிறது என்பதை அந்தக் கல்யாண வீட்டில்தான் கண்டுபிடித்தார்கள். மஸ்கட்டுக்காரர் பல்லில் குச்சியை வைத்துக்கொண்டே சும்மா ஒற்றை விரலால் எடுத்து அப்பால் வைத்தார். இன்னொரு வீட்டில் வலது கையில் மாவுக்கட்டுப் போட்டிருந்த ஒருவர் இடது கையால் தூக்கிப் பார்த்தார், அசையவில்லை, கட்டைப் பிரித்ததும் அசைந்தது. எந்தக் கையால் காசை எடுத்துக் கொடுத்தானோ அந்தக் கைதான் கணக்கு என்று ஊர் தெரிந்துகொண்டது. அதில் ஊருக்கு வருத்தம் ஒன்றுமில்லை. பீச்சாங்கையால் காசு கொடுக்கிறவர்கள் அந்த ஊரில் யாரும் கிடையாது, கொடுத்தால் வாங்குகிறவர்களும் கிடையாது.

அந்த ஊருக்குப் புதுச் சிடி எல்லாம் கப்பல் வேலைக்குப் போனவர்கள் கொண்டுவந்ததுதான். அவர்கள் வாங்கி, ஆடி, சலித்து, விற்று, அது கைமாறிக் கைமாறித்தான் மற்றவர்கள் வீட்டுக்கு வந்தது. அதனால் லீவில் வந்த கப்பல்காரர்களுக்கெல்லாம் பிஷப் வந்தால் நடக்கிற உபசாரம் நடந்தது. இன்றைக்கு இந்த வீடு, நாளைக்கு அந்த வீடு என்று முறை வைத்துக் கூட்டிப் போனார்கள். ஒரு நாற்காலியைப் போட்டு உட்காரவைத்து, அவர் கையைக் கேம் பெட்டிமேல் வைக்கச் சொல்லிவிட்டு, பிள்ளைகள் ஆடினார்கள். கை எடுத்தால் கேம் நின்றுவிடும் என்பதால், மீன்குழம்புச் சோற்றை வீட்டுக்காரம்மாவே பிசைந்து அவருக்கு ஊட்டினாள், மூக்கு அரித்தால் பிள்ளைகள் முறைபோட்டுச் சொறிந்துவிட்டார்கள். லீவு முடிந்து அவர் போகும்போது தெருவே அழுதது. கப்பல்காரன் பெண்டாட்டிகூட அவ்வளவு அழுதிருக்க மாட்டாள்.

ஜெசிந்தா வீட்டில் பெட்டி சிமெண்டுக்குள் இறங்கத் தொடங்கியிருந்தது. இன்னாசி சொல்கிற கதைகள் முதலில் பழைய கதைகளாயின, கோணப் பாரில் பார்த்ததையே திரும்பச் சொன்னார், அப்புறம் பாதிக் கதைகளாயின, அப்புறம் ஒன்றிரண்டு வார்த்தை, அப்புறம் தலையாட்டல். வற்றுகிற கிணற்றைப் பார்ப்பதுபோல அவள் தினம் சாயங்காலம் வந்து அவர் வாயைப் பார்த்தாள். வீட்டுச் சாமான் எதையாவது விற்றுப் புதுசாகவே வாங்கிவிடலாம் என்று விசாரித்தால், அந்தக் கேம் வந்து ரொம்ப நாளாகிவிட்டது, கம்பெனி இப்போது அதைப் போடுவதில்லை என்றார்கள். பக்கத்து வீட்டுப் பெண் போனில் கம்பெனியின் எண்ணைத் தேடிப் போட்டுக் கொடுத்தாள். நெடுநேரம் பாட்டுப் பாடிய பிறகு தேன்போல ஒரு குரல் வந்தது.

"வணக்கம் மேடம், நீங்கதான் அந்த கேமை முதல்ல வாங்குனீங்களா?"

"இல்லம்மா. கைமாறிக் கைமாறி வந்தது. எங்க வீட்டுக்காரருக்கு நடக்க முடியாது, அவரு அதுலதான்..."

"மேடம், நீங்க எத்தனாவது கை?"

"மூணோ நாலோ இருக்கும்மா."

"அப்ப நீங்க எங்க கஸ்டமரே இல்லைங்க மேடம். ஆனாலும் உங்க அழைப்பு எங்களுக்கு ரொம்ப முக்கியம்."

போனைக் கொடுத்துவிட்டு ஜெசிந்தா நேரே சதக் பாய் கடைக்குப் போனாள். கடையில் பாயைக் காணவில்லை, தொப்பி மட்டும் தெரிந்தது. அடுக்கு அடுக்காக இருந்த சிடிகள் அலமாரியை உடைத்து, தரையை உடைத்து இறங்கியதில் கடைக்குள் பள்ளமாகிவிட்டது, பாய் அந்தப் பள்ளத்துக்குள் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். அவளைப் பார்த்ததும் எழுந்து நின்றார், நின்றபோதும் அவர் கண் இவள் முழங்கால் உயரத்தில்தான் இருந்தது.

"கட்டடக்காரர் காலி பண்ணுங்காரு தங்கச்சி. நான் தயாரு. கட தயாரில்ல" என்றார். அப்புறம் குரலைத் தாழ்த்திக்கொண்டு, "ஒனக்கு நான் வித்தது குத்தமாப் போச்சு. அன்னிக்கி அது குத்தம் இல்ல. எப்ப குத்தமா ஆச்சுன்னு எனக்கு வெளங்கல" என்றார்.

"அத விடுங்க பாய். நீங்க யாருகிட்ட வாங்குனீங்க? அந்தக் கையத் தேடிப் போறேன். கால்ல விழுந்தாவது கூட்டிட்டு வாரேன்."

பாய்க்கு வருகிற போகிற சிடியெல்லாம் அத்துப்படி. மட்டக்கடைப் பக்கம் சலூன் வைத்திருக்கும் சுடலைக்கண்ணு என்றார்.

சுடலைக்கண்ணு ஒருவர் தாடையில் நுரை தடவிக்கொண்டிருந்தார். அவர் அதை முடிவெட்டக் காத்திருக்கிறவர்களுக்காகப் போட்டு வைத்திருந்தாராம். "அந்தக் கேமு ஓடுன நாள்ல கடையில ஒருத்தனும் அரசியல் பேசல அக்கா. மீனப் பாத்துக்கிட்டே தலையக் குடுத்துருவான். எனக்கே விக்க மனசில்ல, மகளுக்குக் காது குத்து வந்துச்சு" என்றவர், கத்தியைத் துடைத்துவிட்டு, "முதக் கை அவன்தான், மணப்பாட்டு ரெஜிஸ். கப்பல்ல வேல பாக்கான். பையப் பிரிச்சு எங்கிட்ட நீட்டும்போது மேல சுத்துன பேப்பர்கூட கிழியல. போன தடவ லீவுக்கு இந்தப் பக்கம் வரல, இப்ப ஊர்லதான் இருக்கான்னு கேள்வி. போங்க, தங்கமான பையன்" என்றார்.

ஆக, ரெஜிஸ் முதல் கை, சுடலைக்கண்ணு இரண்டாவது, சதக் பாய் மூன்றாவது, ஜெசிந்தா நாலாவது. முதல் கை கிடைத்துவிட்டது என்கிற சந்தோஷத்தில் அன்றைக்கு இன்னாசிக்கு வாளைமீன் வாங்கிப் பொரித்தாள். அவர் தலையாட்டினார்.

திருச்செந்தூர் போய், பஸ் மாறி, மணப்பாட்டில் இறங்கி, மணலில் செருப்பு புதையப் புதைய நடந்து அவள் வீட்டைக் கண்டுபிடித்தபோது ரெஜிஸ் வாசலில்தான் நின்றான், வெயிலில் முழுக்கைச் சட்டை போட்டிருந்தான். வந்தவளை உட்காரச் சொல்லிவிட்டு உள்ளே போய் ஒரு டம்ளர் தண்ணீர் கொண்டுவந்து நீட்டினான். இடது கையால் நீட்டினான். எவ்வளவு தூரத்திலிருந்து வருகிறோம், ஒரு மரியாதை தெரியாத பயலாக இருக்கிறானே என்று ஜெசிந்தாவுக்குச் சுருக்கென்றது, வாங்காமல் ஒரு நொடி அவன் முகத்தைப் பார்த்தாள், அப்புறம் அவன் வலது பக்கம் பார்த்தாள். சட்டையின் வலது கை மணிக்கட்டுக்குக் கீழே மடித்துப் பின் குத்தியிருந்தது.

தண்ணீரை வாங்கிக் கீழே வைத்தாள்.

"நடுக்கடல்ல மயினி" என்றான் ரெஜிஸ், கேட்காமலே. "வடம் சுத்துற விஞ்சுல மாட்டிருச்சு. மணிக்கட்டோட போச்சு. அடுத்த அலை டெக்கக் கழுவும்போது அதையும் சேத்துக் கொண்டு போயிருச்சு."

அவள் வந்த விஷயத்தைச் சொன்னாள். இன்னாசியைப் பற்றிச் சொன்னாள், ஜெசிந்தா பார் என்று ஒரு பாறை இருப்பதைச் சொல்ல வெட்கமாக இருந்தாலும் அதையும் சொன்னாள். அவன் கேட்டுக்கொண்டே தரையில் கிடந்த ஒரு கயிற்றுத் துண்டை எடுத்து, பழக்க தோஷத்தில், இடது கை விரல்களாலேயே ஒரு முடிச்சுப் போட்டான், அவ்வளவு லாவகமாகப் போட்டதில் அவளுக்கு மனதில் ஏதோ தட்டியது.

"தம்பி, நீ பொறவியிலயே பீச்சாங்கைக்காரனா?"

"ஆமா மயினி. எழுதுறது, கயிறு கெட்டுறது, பந்து எறியறது எல்லாமே இதுதான். அதனாலதான் பொழச்சுக் கெடக்கேன்."

ஜெசிந்தா, மாதாவே, மாதாவே என்று உள்ளுக்குள் சொல்லிக்கொண்டு, "அப்ப அந்தச் சிடிய வாங்குனப்போ காச எந்தக் கையால குடுத்த?" என்று கேட்டாள்.

ரெஜிஸ் முடிச்சை அவிழ்த்தான். மறுபடி போட்டான்.

"எங்கம்மா இருக்காளே மயினி, அவ அடிச்சுப் பழக்குன பழக்கம். சோறும் காசும் மட்டும் சோத்துக்கைதான். ரோட்டர்டாம்ல ஒரு கட. கல்லாவுல நின்ன பிள்ளைக்கு எந்தக் கையா இருந்தா என்ன, வாங்கிப் போட்டுக்கிடும். எனக்குத்தான் மனசு கேக்கல. இந்தக் கையில இருந்த நோட்ட அந்தக் கைக்கு மாத்தி, சோத்துக்கையாலதான் குடுத்தேன். இன்னிக்கும் நல்லா ஞாபகம் இருக்கு" என்றவன், கயிற்றைக் கீழே போட்டுவிட்டு, "இருந்தாலும் வாரேன். வந்து தொட்டுப் பாக்கேன்" என்றான்.

அவனைக் கூட்டிக்கொண்டு வந்தாள். பஸ்ஸில் அவளே டிக்கெட் எடுத்தாள், கண்டக்டரிடம் சோத்துக்கையால் காசை நீட்டும்போது அவளுக்கு அந்தக் கையின்மேலேயே வெறுப்பாக வந்தது.

பெட்டி அதற்குள் முக்கால்வாசி தரைக்குள் போயிருந்தது. கடற்கரைக்குப் பக்கத்து வீடு, கொஞ்சம் தோண்டினாலே தண்ணீர் வருகிற மண், பெட்டியைச் சுற்றி வளையமாக உப்புத்தண்ணீர் ஊறிக் கிடந்தது, ஜெசிந்தா தினமும் அதைத் துணியில் ஒற்றிப் பிழிவாள், மறுநாள் ஊறியிருக்கும். ரெஜிஸ் செருப்பைக் கழற்றிவிட்டு வந்து அதன் பக்கத்தில் மண்டியிட்டான். இன்னாசி கட்டிலில் சாய்ந்தபடி பார்த்துக்கொண்டிருந்தார். தெருவிலிருந்து நாலைந்து பேர் ஜன்னல் வழியாகப் பார்த்தார்கள், பழகிய விஷயம் என்பதால் ஒருத்தி முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டே பார்த்தாள்.

இடது கையை வைத்தான். ஒன்றுமில்லை. அழுத்திப் பார்த்தான், தட்டிப் பார்த்தான், ஒன்றுமில்லை. அப்புறம் பல்லால் பின்னைக் கழற்றிச் சட்டையை மடக்கி, வலது கையின் மொட்டை நுனியைக் கொண்டுபோய்ப் பெட்டிமேல் வைத்தான்.

பெட்டி முனகியது. உள்ளே ஏதோ அரைச் சுற்றுச் சுற்றி நின்றது. டிவி நீலமானது.

கடல் வந்தது. மேலே வெளிச்சம், கீழே இருட்டு, நடுவில் அந்த ஆள் ஒரு காலை மடக்கி ஒரு காலை நீட்டியபடி நின்றான். பாசி அசையவில்லை. வாயருகே ஒரு குமிழி உடையாமல் அப்படியே இருந்தது. இன்னாசி ஜாய்ஸ்டிக்கை எடுத்து அமுக்கினார், மேலே அமுக்கினார், கீழே அமுக்கினார், அந்த ஆள் இறங்கவும் இல்லை ஏறவும் இல்லை. ரெஜிஸ் நுனியை இப்படி அப்படித் திருப்பி வைத்துப் பார்த்தான், நெற்றியில் வியர்வை சொட்டியது, இன்னும் மிச்சம் இருக்கிற கையை எங்கிருந்தாவது வரவழைத்துவிடலாம் என்பதுபோலத் தோளிலிருந்து அழுத்தினான். அதற்குமேல் வரவில்லை. வெகுநேரம் கழித்து அவன் எடுத்ததும் டிவி இருண்டது.

"மன்னிச்சுக்கிடுங்க அண்ணே" என்றான். அவன் அழுதுகொண்டிருந்தான். "மீதி எல்லாம் அந்தக் கையிலதான் இருக்கு."

அப்போது இன்னாசி வாயைத் திறந்தார்.

"எத்தன பாகம்?"

ஜெசிந்தா பதறித் திரும்பினாள். கீரை ஆய்ந்தவள் நிறுத்தினாள். பாகம் என்றால் இரண்டு கையையும் அகல விரித்தால் வருகிற அளவு, கடலில் ஆழத்தை அப்படித்தான் சொல்லுவார்கள், வேலைக்குப் போகிற நாளில் இன்னாசி படகில் ஏறியதும் முதலில் கேட்கிற கேள்வி அது.

"கை விழுந்த எடத்துல எத்தன பாகம் இருக்கும்?" என்று இன்னாசி மறுபடி கேட்டார்.

"அண்ணே, அது நம்ம கடலு இல்ல. மேப்புலயே கருநீலமாத்தான் போட்டுருக்கும். அங்கெல்லாம் பாகக் கணக்கு..." என்று சொல்லிக்கொண்டே ரெஜிஸ், ஆழத்தைக் காட்டுகிறவன் செய்கிற வழக்கப்படி, இரண்டு கையையும் விரித்தான். ஒரு பக்கம் விரல் நுனிவரை போயிற்று. இன்னொரு பக்கம் பாதியில் நின்றுவிட்டது. இன்னாசி அந்தக் குறைந்த இடத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"ரொம்ப ஆழம் அண்ணே. எறங்க முடியாது" என்று ரெஜிஸ் கையை இறக்கினான்.

"ம்" என்றார் இன்னாசி. "வடம் பத்தாது."

அவ்வளவுதான் பேசினார். ரெஜிஸ் சாப்பிடாமல் கிளம்பினான், ஜன்னலில் நின்றவர்கள் கலைந்தார்கள், ஜெசிந்தா தரையில் ஊறியிருந்த தண்ணீரைத் துணியில் ஒற்றிப் பிழிந்தாள். அவர் பேசிவிட்டார் என்று சந்தோஷப்படுவதா, பேசியது இதையா என்று அழுவதா என்று தெரியாமல், அழுதாள்.

மறுநாள் காலை அவள் சேலையைச் செருகி, டிபன் டப்பாவை எடுத்துக்கொண்டு திரும்பியபோது, இன்னாசி இருண்ட டிவியைப் பார்த்து நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார். ஜாய்ஸ்டிக் மடியில் இருந்தது. இறங்கப்போகிறவர் செய்கிற மாதிரி இரண்டு தரம் சின்னதாக மூச்சு இழுத்து விட்டார், மூன்றாம் தரம் நெஞ்சு நிறைய இழுத்து, அடக்கிக்கொண்டார். கட்டைவிரல் கீழ்ப்பக்கம் அமுக்கிக்கொண்டே இருந்தது.

"ஏங்க" என்றாள்.

அவர் திரும்பவில்லை. கழுத்து நரம்பு புடைத்தது. அந்தக் கருநீலத்தில் எவ்வளவு தூரம் இறங்கியிருக்கிறாரோ, எங்கே திரும்புவாரோ, வேகமாக ஏறிவிடக் கூடாதே என்று அவள் அந்தக் கட்டைவிரலையே பார்த்தாள். தெருமுனையில் வேன் ஹாரன் அடித்தது. மறுபடி அடித்தது. அவர் மூச்சு விடட்டும் என்று, தானும் விடாமல், டப்பாவை நெஞ்சோடு பிடித்துக்கொண்டு ஜெசிந்தா அங்கேயே நின்றாள்.